முழங்காலில் வெளுத்த நீலம்

அலபாமாவின் ஜீஸ் பெண்ட் ஊரில் கறுப்பினப் பெண்கள் பழந்துணியில் தைத்த ஒட்டுப்போர்வைகள் 2002இல் நியூயோர்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவரில் ஏறின. நியூயோர்க் டைம்ஸ் விமர்சகர் மத்தீஸையும் க்ளேயையும் துணைக்கு அழைத்துப் புகழ்ந்தார். அதைப் பாதிப் பாராட்டு என்றே சொல்வேன்.

1942இல் மிசூரி பெட்வே தைத்த போர்வை, இறந்த கணவரின் வேலை உடுப்புகளால் ஆனது. அவற்றைப் போர்த்திக்கொண்டு அவரை நினைப்பதற்காகவே தைத்தார். ஆனி மே யங் 1976இல் தைத்ததில் வண்ணப் பட்டைகளைச் சுற்றி உழைத்துத் தேய்ந்த டெனிம். டெனிமில் நீலச்சாயம் நூலின் மேற்புறத்தில்தான் நிற்கும். உரசும் இடம் வெளுக்கும், பை இருந்த இடம் கருநீலமாகவே இருக்கும். அந்த வெளிறலை வெறும் வண்ணமாகப் பார்த்தால் உடுத்தியவர் காணாமற்போகிறார்.

இங்கே ஆக்லாந்தில் பழைய ஜீன்ஸில் தைத்த போர்வைகள் சிலவற்றைப் பார்த்தேன். தேய்ந்த பகுதிகளை நீக்கி, ஒரே அளவுச் சதுரங்களாக வெட்டியிருந்தார்கள். தையல் நேர்த்தி, துணி பிழைத்தது, ஆள் பிழைக்கவில்லை.

வங்காளத்தின் ‘காந்தா’வும் நமது ‘கந்தை’யும் ஒரே சொல்லின் கிளைகள். அங்கே அது கலையின் பெயர். நம்மிடம் வறுமையின் பெயர். கந்தையைக் கசக்கிக் கட்டச் சொன்ன நமக்கு, அதைச் சேர்த்துவைக்கக் கூச்சம். இரவுவேலைக்குப் போன பெற்றோரின் காற்சட்டைகளை நன்கொடைப் பெட்டியில் போட்டுவிட்டு, புலம்பெயர் வரலாற்றுக்கு ஆவணம் தேடுகிறோம். முழங்கால் வெளுத்த துண்டை வெட்டி எறியாத போர்வைதான் எனக்கு நல்ல போர்வை.