நன்றியுரைத்தலும் வழிகாட்டுதலும்: பொருநராற்றுப்படை வழிச் சிங்கப்பூரை நோக்கல்

அன்றாட வசதிகளுக்கு நன்றி பாராட்டும் எழுத்து எப்போது இலக்கியமாகின்றது, எப்போது வெறும் வாழ்த்தாக நின்றுவிடுகின்றது என்பதைப் பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்றான பொருநராற்றுப்படையை அளவுகோலாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

முடத்தாமக்கண்ணியார் இயற்றிய இந்நூல் 248 அடிகளை உடையது. கரிகாலனிடம் பரிசில் பெற்று மீளும் பொருநன், எதிர்ப்பட்ட மற்றொரு பொருநனிடம் தான் பெற்றவற்றைக் கூறுகின்றான். யானைப் பரிசில் பற்றிய செய்தி பின்னரே வருகின்றது. முதலில் இடம்பெறுவன உடையும் கள்ளும் ஊனும் சோறுமே. இங்கு மூன்று கூறுகள் கருதத்தக்கன. முதலாவது, புத்தாடையைப் புகழுமுன் பேன் மொய்த்த தன் பழங்கந்தலை அவன் மறையாது சொல்கின்றான். இரண்டாவது, கொடுத்தவனின் செயல் அணுக்கமாகக் காட்டப்படுகின்றது. மன்னன் ஏழடி பின்வந்து வழியனுப்புகின்றான். மூன்றாவது, நன்றி புரவலனைப் புகழ்வதோடு முடியவில்லை. வறியவன் மற்றொருவனுக்கு வழிகாட்டுதலாக வளர்கின்றது.

சிங்கப்பூரில் தேசிய நாளையொட்டி எழுதப்படும் தமிழ் வாழ்த்துக் கவிதைகளில் அடுக்குமாடி வீடு, குழாய்நீர், விரைவு ரயில் ஆகியன நிரல்படப் போற்றப்படுவதைப் பலகாலும் காண்கின்றோம். அந்நன்றி பொய்யன்று. ஆயினும் அவற்றுட் பலவற்றில் பழங்கந்தல் இல்லை. விரைவு ரயில் முதன்முதலாக ஓடியது 1987இல். வாளிகளில் மலம் அள்ளும் முறை இந்நகரில் முடிவுக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். ரயிலைப் பாடும் கவிதை அவ்வாளியையும் அதைச் சுமந்த கையையும் மறக்குமாயின், அது நன்றியன்று, நிறைவு மட்டுமே.

மற்றொரு வேறுபாடும் உண்டு. கரிகாலன் கண்முன் நிற்கும் புரவலன். நகர வசதியை ஆக்கித் தருவோர் நம் கண்ணுக்குத் தென்படுவதில்லை. 2020இல் பெருந்தொற்றின்போது, இந்நகரைக் கட்டியெழுப்பும் புலம்பெயர்த் தொழிலாளர் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விடுதிகளில் அடைபட்டிருந்தபோதே அவர்கள் பலர் கண்ணில் பட்டனர். 2014இல் தொடங்கிய புலம்பெயர்த் தொழிலாளர் கவிதைப் போட்டி அதற்கு முன்பே அவர்களைப் பாடுவோராக முன்னிறுத்தியிருந்தது.

ஞாயிறு மாலை தேக்காவில், புதிதாக வந்தவனுக்கு எங்கு மலிவாக உண்ணலாம், எங்கிருந்து ஊருக்குப் பணம் அனுப்பலாம் என முன்வந்தவன் சொல்லித் தருகின்றான். இது புரவலனில்லா ஆற்றுப்படை. அவன் நுகரும் தேநீரும் இலைச்சோறும் தன் கூலியால் பெற்றவை. அவற்றுக்காக அவன் நன்றியுடையவனாக இருத்தல் வேண்டும் என எதிர்பார்ப்பது முறையன்று. நன்றிக் கடன் அவனுக்கு நாம் பட்டிருப்பது.

வகுப்பறையில் நன்றி குறித்துக் கட்டுரை எழுதச் செய்யும் ஆசிரியர்கள் மாணவரிடம் இரு வினாக்களை எழுப்பலாம்: இவ்வசதிக்கு முன் என்ன இருந்தது? இதனை ஆக்கியவர் யார்? இவ்விரண்டிற்கும் விடையளிக்கும் எழுத்தே பொருநனின் மரபில் வந்ததாகும்.