குணங்குடியாரின் வேதம்

சித்தர்களுக்குப் பேர்போன கொல்லிமலையில், பைல் நாட்டில் வசிக்கும் நண்பர் ஒருவர், "குணங்குடி மஸ்தான் சாகிபு முஸ்லிம் வேஷத்தில் இருந்த சித்தர்தானே?" என்று எனக்கு எழுதியிருந்தார். அவர் கேள்வியில் அன்பு இருக்கிறது. என்றாலும் அந்த அபிப்பிராயத்தை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

அதற்கு ஆதாரமே இல்லையென்று சொல்லமாட்டேன். தொண்டிக்கு அருகே குணங்குடியில் பிறந்த சுல்தான் அப்துல் காதிர், துறவு பூண்டு, சென்னை ராயபுரத்தில் வாழ்ந்து 1838-ல் மறைந்தவர். பராபரக் கண்ணி என்ற வடிவம் அவருக்குத் தாயுமானவர் தந்தது. இறைவனையே மனோன்மணி என்னும் பெண்ணாக்கிக் காதலித்தார். சரவணப் பெருமாளையர் அவர்மீது நான்மணிமாலை பாடினார்.

பாஷையும் வடிவமும் நம்முடையவை, சரி. அந்தத் தவிப்பு எங்கிருந்து வந்தது? இறைவன் மனிதனுக்கு அவன் பிடரி நரம்பைவிடச் சமீபத்தில் இருக்கிறான் என்கிறது குர்ஆன் (50:16). எந்தத் திசையில் திரும்பினாலும் அவன் திருமுகமே என்கிறது (2:115). இத்தனை அருகில் இருப்பவனை நாம் ஏன் காணவில்லை? 'நான்' என்ற திரை மறைக்கிறது என்பார்கள் சூபிகள். அத்திரையை விலக்க அவர்கள் கைக்கொண்ட சாதனம் 'திக்ரு', அதாவது இடைவிடாத இறை நினைவு. அந்த நினைவால் இதயம் அமைதி பெறும் என்பதும் குர்ஆன் வாக்கே (13:28).

இதை மனத்தில் வைத்துக்கொண்டு கண்ணிகளைப் படித்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் 'பராபரமே' என்று முடிகிறபோது, தஸ்பீஹ் மணி ஒவ்வொன்றாக விரலில் நகர்வதுபோல எனக்குக் கேட்கிறது. எங்கோ எட்டாத தூரத்தில் இருப்பவனைக் கூப்பிடும் குரலல்ல அது. பக்கத்திலேயே இருந்தும் முகம் காட்டாதவனிடம் முறையிடும் குரல். 1166-ல் பாக்தாதில் மறைந்த ஞானி அப்துல் காதிர் ஜீலானியின் மீது அவர் முகியித்தீன் சதகம் பாடியதும் சும்மா அல்ல. தம் குரு பரம்பரை எது என்பதை அவரே சொல்லிவிட்டார்.

மனோன்மணி என்ற பெயரைக் கேட்டு முகம் சுளிக்கும் முஸ்லிம் வாசகருக்கும் எனக்கு ஒரு வார்த்தை உண்டு. இறைவனைக் காதலுக்குரியவராகப் பாடும் மரபு பாரசீகத்துச் சூபிகளிடம் முன்பே பழுத்திருந்தது. குணங்குடியார் அதற்குத் தமிழில் ஒரு பெயர் தேடினார், அவ்வளவுதான்.

ஒருவரை நம்மவர் என்று கொண்டாடுவது நல்ல காரியம். அதற்காக அவர் ஓதிய வேதத்தை வேஷம் என்று சொல்லிவிட்டால், பாட்டு நம்மிடம் மிஞ்சலாம், பாடியவர் மிஞ்சமாட்டார்.