மையத்தின் தெளிவும் விளிம்பின் இரட்டை நிழலும்

விளையாட்டு மானிட்டர்களைச் சுற்றி உருவாகியிருக்கும் சொல்லாடலில் 'மங்கல்' எப்போதும் திரையின் குற்றமாகவே பேசப்படுகிறது. ஓடுகிற உருவம் கலங்கித் தெரிகிறதா, பழைய மானிட்டரைத் தூக்கிப் போடு, புதுசு வாங்கு. கதை இவ்வளவு எளிது இல்லை. எல்.சி.டி. திரையில் வந்து விழும் ஒவ்வொரு ஃபிரேமும் அடுத்தது வரும்வரை அப்படியே நிற்கிறது. 120 ஹெர்ட்ஸ் என்றால் 8.3 மில்லிசெகண்ட். ஓடும் உருவத்தைத் துரத்துகிற கண்ணோ நிற்பதில்லை, வழுக்கிக்கொண்டே போகிறது. நிற்கும் படம் நகரும் விழித்திரையின்மேல் இழுபடுகிறது. நொடிக்கு 960 பிக்சல் வேகத்தில் போகும் ஒரு உருவத்தைக் கண் பின்தொடர்ந்தால் 60 ஹெர்ட்ஸில் 16 பிக்சல், 120 ஹெர்ட்ஸில் 8 பிக்சல் அகலத்துக்கு அது ஈஷிக்கொள்ளும். மங்கல் என்பது கண்ணுக்கும் இயந்திரத்துக்கும் இடையிலான ஓர் உறவில் பிறக்கிறது. உறவைப் பொருளின் குணமாகக் காட்டி, எண்ணாக்கி விற்பது சந்தைக்குக் கைவந்த வித்தை. மூலதனம் முதல் பாகம் புரட்டியவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த எண்தான் அட்டைப்பெட்டியில் அச்சாகும் '1 மி.செ.'. இதற்குள் இரண்டு வெவ்வேறு அளவைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, பிக்சல் ஒரு சாம்பல் நிறத்திலிருந்து இன்னொரு சாம்பலுக்கு மாற ஆகும் நேரம். மற்றது, ஒரு ஃபிரேம் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருக்கும் நேரம். முதலாவது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் 144 ஹெர்ட்ஸ் திரையில் படம் ஏறக்குறைய 7 மில்லிசெகண்ட் நின்றுதான் ஆகும். மங்கலும் இருந்துதான் தீரும். இரண்டாவதைச் சாதிக்கப் பின்னொளியை அணைத்து அணைத்து எரிய வைக்க வேண்டும். அப்படிச் செய்தால் வெளிச்சம் எவ்வளவு குறையும் என்பதைப் பெட்டியில் யாரும் பெரிய எழுத்தில் போடுவதில்லை. 2022இல் வீசா என்னும் தர நிர்ணயக் கூட்டமைப்பு, தெளிவான பிக்சலுக்கும் மங்கிய பிக்சலுக்குமான விகிதத்தை அளக்க கிளியர்எம்ஆர் என்ற தரத்தைக் கொண்டுவந்து, சோதனையில் இத்தகைய உத்திகளுக்கு வரம்பும் விதித்தது. நல்லதுதான். ஆனாலும் அதுவும் கடைசியில் பெட்டிமேல் ஒட்டுகிற இன்னொரு எண்.

வேலை நடக்கும் விதம் வேடிக்கையானது. பிக்சல்கள் மாறிக்கொண்டிருக்கும்போது பின்னொளி அணைந்திருக்கும். அவை அடங்கியதும் ஒரே ஒரு மில்லிசெகண்ட் மின்னும். 8.3இல் 1. மீதி நேரமெல்லாம் திரை கறுப்பு. நமக்குத் தெளிவாகத் தெரியும் அந்த ஓட்டத்தில் எட்டில் ஏழு பங்கு இருட்டு! பின்னொளிக்குக் கூடுதல் மின்னோட்டம் கொடுத்து ஓரளவு ஈடுகட்டுவார்கள், முழுசாக முடியாது. பழைய பிக்சர் டியூபில் பாஸ்பர் பூச்சு ஒரு கணம் ஒளிர்ந்து அவிந்துபோனதால்தான் அசைவு அவ்வளவு கூர்மையாக இருந்தது. சினிமாக் கொட்டகையிலும் 24 ஃபிரேமுக்கு நடுவே ஷட்டர் மூடி மூடித் திறந்தது. 1970இல் ழான்-லூயி போத்ரி சினிமா எந்திரத்தின் கருத்தியல் விளைவுகளைப் பற்றி எழுதியபோது, ஃபிரேம்களுக்கு இடையிலான வேறுபாட்டை மறைப்பதால்தான் தொடர்ச்சி என்ற மாயை கிடைக்கிறது என்று வாதிட்டார். மானிட்டரில் அந்த மறைப்பைச் செய்யும் பொத்தான் நம் கையிலேயே இருக்கிறது. அணைத்தும் பார்க்கலாம், போட்டும் பார்க்கலாம்.

அது நம் கைக்கு வந்த வழியும் சுவாரசியம். என்விடியா 2011இல் கொண்டுவந்த லைட்பூஸ்ட், முப்பரிமாணக் கண்ணாடிக்காகச் செய்தது: இடக்கண்ணின் படம் வலக்கண்ணுக்குக் கசியாமல் இருக்க வேண்டும், அம்புட்டுதான். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, சாதாரண ஆட்டத்திலேயே அதை ஓடவிட்டு மங்கலைத் துடைக்கலாம் என்று கண்டுபிடித்துப் பரப்பியவர்கள் ஆட்டக்காரர்கள். மிஷல் த செர்த்தோ சொல்லும் அன்றாடத் தந்திரம் இதுதான். பிறகு நிறுவனம் அதையே யுஎல்எம்பி என்று பெயர் சூட்டித் தன் வசதியாக விற்றது.

சரி, திரையைச் சரிசெய்ய உட்காருவோம். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இங்கேதான் இருக்கிறது. திரை மேலிருந்து கீழாக, வரிவரியாக எழுதப்படுகிறது. கடைசி வரி எழுதி முடித்து அடுத்த ஃபிரேம் தொடங்கும் இடைவெளியில் விளக்கு மின்ன வேண்டும். சீக்கிரம் மின்னினால் அடிப்பகுதி பிக்சல்கள் இன்னும் அடங்கியிருக்காது. பழைய படத்தின் நிழல் கூடவே தெரியும். தாமதமாக மின்னினால் மேற்பகுதியில் அடுத்த படம் எட்டிப்பார்க்கும். பறக்கும் தட்டு ஒன்று குறுக்கே ஓடும் சோதனைப் படத்தைத் திரையின் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்திலும் வைத்துப் பாருங்கள். நடுவில் ஒற்றைத் தட்டு, ஓரங்களில் இரட்டை. மெனுவில் 'ஃபேஸ்' என்ற அளவை நகர்த்தினால் இரட்டை நிழல் மேலும் கீழும் இடம்பெயரும். ஒழியாது. நாம் தீர்மானிப்பதெல்லாம் அதை யார் தலையில் கட்டுவது என்பதை மட்டும்தான்.

ஆலையிலிருந்து வரும் அமைப்பு பெரும்பாலும் மையத்துக்குச் சாதகமாகவே இருக்கிறது. ஏன்? துப்பாக்கிச் சுடும் ஆட்டத்தில் குறிபார்க்கும் சிலுவைக்கோடு அங்கே இருக்கிறது. சுடுபவனின் பார்வையே பார்வை என்று கருவிக்குள்ளேயே எழுதியாகிவிட்டது. வரைபடம் மூலையில் இருக்கும் வியூக ஆட்டக்காரனும், நீண்ட பிரதியை உருட்டி உருட்டி வாசிக்கிறவனும் விளிம்பில் வசிப்பவர்கள். அவர்களுக்கு இரட்டை எழுத்து. 'புரியும்படி எழுதுங்கப்பா' என்று சிறுபத்திரிகைக்காரர்களைப் பார்த்துச் சொல்கிறவர்கள் எந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. போகட்டும்.

விளிம்புக்கும் தெளிவு வேண்டுமானால் நேரம் தர வேண்டும். 144இல் ஓடக்கூடிய திரையை 120க்கோ 100க்கோ இறக்குங்கள். அதன் வேகத்தை வரிகளை எழுதுவதில் செலவழித்துவிட்டு, மிச்சத்தை இடைவெளிக்குக் கொடுங்கள். 1080 வரித் திரைக்கு மொத்த வரி எண்ணிக்கையை 1350 வரை நீட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. எல்லாத் திரையும் ஏற்காது. ஓவர்டிரைவை அவசரப்பட்டு ஏற்றாதீர்கள். பிக்சல் இலக்கைத் தாண்டிப் பாய்ந்து, உருவத்துக்குப் பின்னால் எதிர்நிறத்தில் ஒரு வால் முளைக்கும். ஃபிரேம் எண்ணிக்கையும் ஹெர்ட்ஸும் ஒன்றாக இருப்பது கட்டாயம். 120இல் மின்னும் திரைக்கு ஆட்டம் 60 மட்டும் தந்தால் ஒரே படம் இருமுறை மின்னும், கண்ணோ அதற்குள் நகர்ந்திருக்கும், மறுபடியும் இரட்டை. ஆக விலை கூடிய கிராஃபிக்ஸ் அட்டை இல்லாதவனுக்கு இந்தத் தெளிவு எட்டாது.

உடம்பும் கணக்குக் கேட்கிறது. 60இல் மின்ன வைத்தால் சுவரெல்லாம் துடிக்கும். 100இல்கூட இரண்டு மணி நேரத்தில் எனக்குப் புருவத்துக்கு மேல் வலி தொடங்கிவிடுகிறது. நண்பர் ஒருவருக்கு ஒன்றுமே ஆவதில்லை. நான் மின்னல் அகலத்தை ஒன்றரை மில்லிசெகண்டுக்குக் கூட்டி, கொஞ்சம் மங்கலைத் திரும்ப வாங்கிக்கொண்டு, வெளிச்சம் பெற்றேன். வாசிக்கும்போது எல்லாவற்றையும் அணைத்துவிடுகிறேன்.

இப்போது 480, 500 ஹெர்ட்ஸ் திரைகள் வந்துவிட்டன. 480இல் ஒரு ஃபிரேம் 2.1 மில்லிசெகண்ட்தான் நிற்கும். இருட்டே தேவையில்லை என்கிறார்கள். நொடிக்கு 480 படத்துக்கு எங்கே போவது? 2022 முதல் கிராஃபிக்ஸ் அட்டையே இரண்டு மெய்யான ஃபிரேம்களுக்கு நடுவில் தானாக ஒன்றை ஊகித்துச் செருகுகிறது, 2025இல் மூன்றுவரை. நடுவில் செருக வேண்டுமானால் அடுத்த மெய்யான படத்தைக் கையில் வாங்கிக் கொஞ்சம் நிறுத்திவைக்க வேண்டும். அந்த நேரத்தில் நான் அழுத்திய பொத்தானுக்கான பதில் வரிசையில் காத்திருக்கிறது. முன்பு கறுப்பு இருந்த இடத்தில் இப்போது யாருடைய அசைவும் அல்லாத ஓர் அசைவு ஓடுகிறது.