மில்லர் வளர்த்துவிட்ட சிறுமி

கிம்பர்லி பெல்ஃபிளவரின் 'ஜான் பிராக்டர்தான் வில்லன்' நாடகம் 2025இல் பிராட்வேக்கு வந்தது. அமெரிக்காவின் சேலம் ஊரில் 1692இல் நடந்த சூனியக்காரர் விசாரணைகளை வைத்து மெக்கார்த்தி காலக் கம்யூனிஸ்ட் வேட்டையைச் சாடியது ஆர்தர் மில்லரின் 'தி குரூசிபிள்'; அதன் நாயகன் ஜான் பிராக்டர். பெல்ஃபிளவரின் தலைப்பே அந்த நாடகத்தின் மீதான குற்றப்பத்திரிகை. இதற்கு மில்லரின் அன்பர்களிடம் ஒரு பதில் எப்போதும் தயார்: நாடகாசிரியர் வரலாறு எழுத வந்தவரல்லர், பிராக்டரின் மனைவி மீது பழி சுமத்தும் அபிகெயிலின் வயதைக் கூட்டியதை அவரே முன்குறிப்பில் சொல்லிவிட்டார், பிறகு என்ன வழக்கு?

வழக்கு இருக்கிறது. மில்லரின் துணிச்சல் மீதல்ல. 1956இல் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் முன் நின்று, கம்யூனிஸ்ட் கூட்டங்களுக்கு வந்தவர்களின் பெயர்களைச் சொல்ல மறுத்தார். அவமதிப்புக் குற்றவாளி எனத் தீர்ப்பானது. 1958இல்தான் அது ரத்தானது. அமெரிக்காவின் யூத வெறுப்பைப் பற்றி 1945இலேயே 'ஃபோகஸ்' நாவலை எழுதிய யூதர் அவர். 'ஆல் மை சன்ஸ்' இன்றும் உரத்து நிற்கும் நாடகம். இதெல்லாம் சரி.

சேலம் நீதிமன்ற ஏடுகளின்படி, 1692இல் அபிகெயில் வில்லியம்ஸுக்கு வயது பதினொன்றோ பன்னிரண்டோ. ஜான் பிராக்டர் அறுபதை ஒட்டியவர். இருவருக்கும் உறவு இருந்ததாக எந்த ஏடும் சொல்லவில்லை. மில்லர் அவளைப் பதினேழாக்கினார், அவரை முப்பதுகளுக்கு இறக்கினார், நடுவே ஒரு கள்ள உறவை வைத்தார். வயது மட்டும் மாறியிருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். மாறியது காரணம். ஊர்க்காரர் புட்னத்தின் நிலப் பேராசையும் பாதிரியார் பாரிஸின் சம்பளத் தகராறும் நாடகத்தில் உண்டு, ஓரத்தில். கதையை ஓட்டுவது, ஒதுக்கப்பட்ட ஒரு பெண்ணின் வன்மம். அப்படியானால் மெக்கார்த்தியின் அமெரிக்காவுக்கு இந்த நாடகம் சொன்னது என்ன? கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய விசாரணைக் குழுக்களை இயக்கியது யாருடைய காதல் தோல்வியும் இல்லை. வாக்கு வேட்டையும், வேலை பறிபோகும் பயமும், கறுப்புப் பட்டியலுக்குப் பணிந்த ஸ்டூடியோ முதலாளிகளும் இயக்கினார்கள். அதைச் சொல்லக் கிளம்பியவர் பாதி வழியில் படுக்கையறைக்குள் திரும்பிவிட்டார்.

சேலத்தில் தூக்கிலிடப்பட்ட 19 பேரில் 14 பேர் பெண்கள். நாடகமோ, மனைவிக்குத் துரோகம் செய்த ஓர் ஆணின் மானம் மீள்வதைத்தான் உச்சமாக்குகிறது. போதாதென்று, சாகப்போகும் கணவனிடம், தன் ஒட்டாத சுபாவம்தான் அவனைத் தவறவைத்தது என்று மனைவி எலிசபெத்தே பழியேற்கிறாள். ஆண் பாவம் செய்வான், பெண்கள் அதற்குக் காரணம் சொல்வார்கள்!

'தி குரூசிபிள்' எழுதிய காலத்தில் தன் முதல் மணவாழ்க்கை ஆட்டம் கண்டிருந்ததை 1996இல் எழுதிய ஒரு கட்டுரையில் மில்லரே சொல்லியிருக்கிறார். ஒரு நாடகத்தோடு இது முடிந்திருந்தால் விட்டுவிடலாம். 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' நாடகத்தில் விற்பனைத் தொழில் சக்கையாய்ப் பிழிந்தெறிந்த வில்லி லோமனின் குடும்ப வீழ்ச்சிக்கும் பாஸ்டன் விடுதியறையில் ஒரு பெண் காத்திருக்கிறாள். மில்லரின் முன்னாள் மனைவி மர்லின் மன்றோ இறந்து இரண்டு ஆண்டுகள்கூட ஆகாத 1964 ஜனவரியில் வந்தது 'ஆஃப்டர் தி ஃபால்'. மாத்திரைக்கும் மதுவுக்கும் பலியாகும் பாடகி மேகி அதில் கணவனின் மனச்சாட்சி விசாரணைக்குச் சாட்சிப் பொருள். அது மன்றோ இல்லை என்று மில்லர் மறுத்தார், நம்பியவர்கள் குறைவு. 1994இல் 'புரோக்கன் கிளாஸ்' எழுதியபோதும் வழி மாறவில்லை. 1938 நவம்பரில் ஜெர்மனியில் யூதர்கள் தாக்கப்பட்ட செய்தியைப் படித்து புரூக்ளினில் சில்வியாவின் கால்கள் செயலிழக்கின்றன. எவ்வளவு பெரிய தொடக்கம்! காரணம் தேடும் நாடகம் கடைசியில் அவள் கணவனின் ஆண்மைக் குறையில் போய் உட்கார்ந்துகொள்கிறது.

கலைச் சுதந்திரம் பேசுகிறவர்கள் 'தி குரூசிபிள்' நூலின் பின்குறிப்பைப் புரட்டிப் பார்க்க வேண்டும். அபிகெயில் பிற்காலத்தில் பாஸ்டனில் விலைமகளாக இருந்ததாகக் கேள்வி என்று அங்கே எழுதியிருக்கிறார் மில்லர். சேலம் ஏடுகளில் அதற்கு ஆதாரம் கிடையாது. 1692க்குப் பிறகு அந்தச் சிறுமியைப் பற்றி அவற்றில் எந்தச் செய்தியும் இல்லை.