ஒரே சான்றிதழ், இரண்டு விலை

அமெரிக்காவில் டாக்டரைப் பார்க்கப் போனால், பெயர் சொல்லி உள்ளே அழைப்பவர் பெரும்பாலும் நர்ஸ் அல்ல; மெடிக்கல் அசிஸ்டென்ட். எடை பார்ப்பார், ரத்த அழுத்தம் அளப்பார், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறோம் என்று கேட்டுக் கணினியில் ஏற்றுவார். ஊசி போடுவதும் இசிஜி எடுப்பதும் அவரே. இடையிடையே இன்சூரன்ஸ் கம்பெனியோடு போனில் மல்லுக்கட்டுவார். ஏறக்குறைய 8 லட்சம் பேர் பார்க்கும் வேலை இது. 2024 மே மாத அரசுக் கணக்குப்படி, இவர்களில் பாதிப் பேர் ஆண்டுக்கு 44,200 டாலருக்கு மேலும், மீதிப் பேர் அதற்குக் கீழும் வாங்குகிறார்கள். மணிக்கு 21 டாலர் சொச்சம். இந்த வேலைக்கென்று ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை சான்றிதழ்ப் படிப்பு நடக்கிறது. அந்தப் படிப்புக்குக் கொட்டும் பணம் வீடு திரும்புகிறதா என்பதுதான் கேள்வி.

பெரும்பாலான மாநிலங்களில் சட்டம் இந்தச் சான்றிதழைக் கேட்பதே இல்லை. வாஷிங்டன் மாநிலம் 2013 முதல் அரசுப் பதிவைக் கட்டாயமாக்கியது, அது விதிவிலக்கு. கலிஃபோர்னியாவில் ஊசி போட 10 மணி நேரப் பயிற்சி, ரத்தம் எடுக்க 10 மணி நேரப் பயிற்சி என்ற அளவில்தான் விதி நிற்கிறது. வேலையிலேயே கற்றுக்கொண்டு வந்தவர்கள் ஏராளம். இருந்தாலும் கிளினிக்குகள் சான்றிதழ் கேட்கின்றன. அதற்கு ஒரு காரணம் கணினி. மின்னணு மருத்துவப் பதிவுக்கு மத்திய அரசு ஊக்கத்தொகை கொடுத்தபோது, டாக்டரின் மருந்து, பரிசோதனை உத்தரவுகளைக் கணினியில் பதிவதற்கு ‘சான்று பெற்ற’ உதவியாளர் வேண்டும் என்று அந்தத் திட்டத்தின் இரண்டாம் கட்ட விதி சொன்னது. அதுவரை அலங்காரமாக இருந்த காகிதத்துக்கு அங்கே ஒரு பயன் வந்தது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பலருடைய பணம் தொலைவது இதில்தான். சான்றிதழ் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது அங்கே இரண்டு காகிதங்கள். ஒன்று, படிப்பை முடித்ததற்குப் பள்ளி தருவது. மற்றொன்று, தனி அமைப்பு நடத்தும் தேர்வில் தேறினால் கிடைப்பது. கிளினிக்குகள் பெரிதும் மதிப்பது இரண்டாவதை. மெடிக்கல் அசிஸ்டென்ட்களின் தேசியச் சங்கம் நடத்தும் பெயர்பெற்ற தேர்வுக்கு, அங்கீகாரம் பெற்ற பாடத்திட்டத்தில் படித்திருப்பதுதான் வழக்கமான வாசல். அந்த அங்கீகாரம் இல்லாத பள்ளியில் முழுப் பணமும் கட்டி முடித்த பெண்ணுக்கு முதல் காகிதம் மட்டும் மிஞ்சக்கூடும்.

இனி விலைக்கு வருவோம். கலிஃபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகளில் மாநிலவாசிக்கு ஒரு யூனிட் 46 டாலர். படிப்புக்கு 30 யூனிட் என்று வைத்தால் 1,380 டாலர். வருமானம் குறைந்தவர்களுக்கு அதுவும் தள்ளுபடியாகும். லாப நோக்கில் நடக்கும் தனியார் பள்ளியில் இதே படிப்பு 15,000 டாலரைத் தாண்டுவது அரிதல்ல. வெளியே வந்தால் இரண்டு இடத்திலும் படித்தவர்கள் நிற்பது ஒரே கிளினிக்கில், ஏறத்தாழ ஒரே சம்பளத்தில்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். படிப்புக்கு முன் செய்த கடை வேலையைவிட மணிக்கு 2 டாலர் கூடுதலாகக் கிடைக்கிறது என்று கொள்வோம். முழுநேர வேலையென்றால் ஆண்டுக்கு 4,160 டாலர், அதுவும் வரிக்கு முன். சமுதாயக் கல்லூரியில் படித்தவருக்குக் கட்டணம் முதலாண்டிலேயே திரும்பிவிடும். தனியார் பள்ளிக்காக 18,000 டாலரை 6.5 சதவீத வட்டிக்கு வாங்கிப் பத்தாண்டில் அடைப்பவரோ மாதம் 204 டாலர் கட்ட வேண்டும். கூடுதல் வருமானத்தில் பாதிக்கு மேல் பத்தாண்டுக்கு வட்டியும் முதலுமாகப் போய்விடும். படித்த மாதங்களில் இழந்த கூலியை நான் இதில் சேர்க்கவில்லை.

தனியார் பள்ளிகள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். சமுதாயக் கல்லூரியில் இடங்கள் குறைவு, சேர்க்கைக்குக் காத்திருக்க வேண்டும், வகுப்புகள் பெரும்பாலும் பகலில். தனியார் பள்ளியில் அடிக்கடி புது வகுப்பு தொடங்கும், மாலையிலும் படிக்கலாம், போனைக் கையோடு எடுப்பார்கள். கைக்குழந்தையோடு இருக்கும் பெண்ணுக்கு இவை சின்ன விஷயங்கள் அல்ல. ஆனால் ஐந்து மாதம் காத்திருந்தால், மேலே சொன்ன கணக்கில், இழப்பு சுமார் 1,730 டாலர். காத்திருக்காமல் இருப்பதற்கு அதைப்போல் பல மடங்கு கொடுக்கச் சொல்வதை நான் ஏற்கவில்லை.

தனியார் பள்ளிக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் திரும்புவதில்லை என்பதையே ஆய்வும் சொல்கிறது. ஸ்டெஃபனி செல்லினி, நிக்கலஸ் டர்னர் என்ற இரு பொருளியலாளர்கள் வருமான வரிப் பதிவுகளை வைத்து ஆராய்ந்தபோது, லாப நோக்குப் பள்ளிகளில் சான்றிதழ் படித்தவர்கள், அரசுக் கல்லூரியில் படித்தவர்களைவிடக் குறைவாகச் சம்பாதித்து, அதிகக் கடனோடு இருந்தார்கள். கடனுக்கும் வருமானத்துக்கும் உள்ள விகிதத்தை வைத்துக் கல்வித்துறை 2017 ஜனவரியில் முதன்முறை மதிப்பிட்டபோது 800க்கும் மேற்பட்ட பாடத்திட்டங்கள் தேறவில்லை. அவற்றில் 98 சதவீதம் லாப நோக்குப் பள்ளிகளுடையவை. அந்த விதியே 2019இல் ரத்தாகி, 2023இல் புதிய வடிவில் வந்தது. மெடிக்கல் அசிஸ்டென்ட் படிப்பை நாடெங்கும் விற்ற கொரிந்தியன் காலேஜஸ் நிறுவனம் 2015 ஏப்ரலில் மூடப்பட்டது. அங்கே படித்த 5,60,000 பேரின் 580 கோடி டாலர் கடனை மத்திய அரசு தள்ளுபடி செய்வதாக அறிவித்தது 2022இல்தான். அந்த ஏழாண்டுகளில் எத்தனை வீடுகளுக்கு வசூல் கடிதம் போயிருக்கும் என்பதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

சம்பளத்தோடு கணக்கை முடித்துக்கொள்வதும் பிழை. அதே 2024 கணக்கில், உரிமம் பெற்ற பிராக்டிகல் நர்ஸின் நடுச்சம்பளம் 62,340 டாலர். பதிவுபெற்ற நர்ஸுக்கு 93,600. மெடிக்கல் அசிஸ்டென்டாகச் சேரும் பலரின் ஆசை அங்கேதான் இருக்கிறது. ஆனால் இந்தச் சான்றிதழ் நர்சிங் படிப்பில் பாதி வழி அல்ல. அது வேறு படிப்பு. சமுதாயக் கல்லூரியில் எடுத்த உடற்கூறியல், ஆங்கிலம் போன்ற பாடங்கள் சில கணக்கில் சேரலாம். பல தனியார் பள்ளிகளின் பாடங்களை நர்சிங் கல்லூரிகள் ஏற்பதில்லை. முதலிலிருந்து தொடங்க வேண்டும். 15,000 டாலர் கொடுத்தவர் இழப்பதில் பெரிய பங்கு இதுதான் என்பது என் எண்ணம்.

வேலைக்குக் குறைவில்லை. 2024 முதல் 2034 வரை 12 சதவீதம் பெருகும் என்று அரசு கணிக்கிறது. பெரும்பாலும் பகல் நேர வேலை. எந்தச் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தாலும் ஒரு கிளினிக் இருக்கும். இவ்வளவு ஆள் தேவைப்படுவதால் சில மருத்துவமனைகள் அரசுப் பதிவு பெற்ற அப்ரண்டிஸ் திட்டம் நடத்துகின்றன. அதில் சேர்பவருக்கு முதல் நாளிலிருந்தே கூலி உண்டு. ரத்தம் எடுக்கக் கற்றுக்கொள்ளும் அதே மாதத்தில் வீட்டு வாடகையும் கட்டிவிடுகிறார். அந்த இடங்கள் இன்னும் கொஞ்சம்தான்.