தலைமாடும் கால்மாடும்: மருத்துவத் தமிழின் திசைச்சொற்கள்

மருத்துவத் தமிழைப் பற்றி எழுதுவோர், மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீனை நினைவுகூராமல் விடுவதில்லை. 1864இல் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கியவர் அவர். கிரேயின் உடற்கூற்று நூல் அவர் முயற்சியால் 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என்று தமிழில் வந்தது. அந்த உழைப்பு மதிப்புக்குரியது. ஆனால் அதை வைத்தே நம் மருத்துவத் தமிழ் நிறைவடைந்துவிட்டது என்போருடன் எனக்கு உடன்பாடில்லை. மாணவருக்கான தமிழ் வேறு, படுக்கையில் கிடப்பவருக்கான தமிழ் வேறு.

உடற்கூற்றியலில் திசை உடலுக்கு உரியது, பார்ப்பவருக்கு உரியதன்று. நிமிர்ந்து நின்று, முகமும் உள்ளங்கைகளும் முன்னோக்கி இருக்கும் ஒருவரை வைத்தே எல்லாத் திசைகளும் சொல்லப்படுகின்றன. அவர் மல்லாந்தாலும் குப்புறக் கவிழ்ந்தாலும் 'மேல்' என்றால் தலைப்பக்கம்தான். உடலைக் குறுக்கே வெட்டிக் காட்டும் ஸ்கேன் படமும், கால்மாட்டில் நின்று பார்ப்பதுபோல் வைக்கப்படுகிறது. ஆகவே நோயாளியின் வலப்பக்கம் நமது இடக்கைப் பக்கம் தெரியும்.

மாணவர் இதைப் படித்து அறிவார். நோயாளி எப்படி அறிவார்? வாட்டிலே "கொஞ்சம் மேல வாங்கோ" என்றால், மல்லாந்து கிடப்பவருக்கு மேல் என்பது முகடு. "வலப்பக்கம் சரியுங்கோ" என்றால், சொல்பவரின் வலமா, தன் வலமா? சிங்களமும் தமிழும் கலந்து புழங்கும் வவுனியாவில், சொல் கைமாறும்போது குழப்பம் இன்னும் கூடும்.

வன்னியில் இது வெறும் சொல்லாராய்ச்சி அல்ல. போரில் முள்ளந்தண்டு அடிபட்டவர்களைக் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வீட்டிலே வைத்துப் பார்க்கிறார்கள். உணர்வற்ற உடலை ஏறத்தாழ 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப்புண் வரும். அந்த வேலையைச் செய்வது மனைவியோ தாயோதான். அவர்கள் கையில் கிடைக்கும் தாளில் 'பக்கவாட்டு நிலை' என்று மட்டும் எழுதியிருந்தால் என்ன பயன்?

நம் சமூகத்துக்கு இந்த ஒழுங்கு புதிதல்ல. மய்யித்தைக் குளிப்பாட்டுவோர் வலப்பக்கத்தில் தொடங்குவர். அது மய்யித்தின் வலம், கழுவுபவரின் வலமன்று. கிப்லா மேற்கே அமைந்த நம் நாட்டில், கப்றின் தலைமாடு வடக்கு, கால்மாடு தெற்கு; வலப்பக்கம் சரித்து வைத்தால் முகம் கிப்லாவை நோக்கும். தண்ணீரூற்றிலோ நீராவிப்பிட்டியிலோ எழுத்தறியாத ஒரு உம்மம்மாவும் இதில் பிசகமாட்டா.

தலைமாடு, கால்மாடு, மல்லாக்க, குப்புற, ஒருக்களிச்சு, சரிஞ்சு: எத்தனை துல்லியமான சொற்கள்! பாடநூலுக்குக் கலைச்சொல் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் நோயாளிக்கான தாளில் இந்தச் சொற்களே முதலில் வரவேண்டும். வலம், இடம் என்று எழுதும்போதெல்லாம் 'உங்கள்' என்றோ 'நோயாளியின்' என்றோ சேர்க்கவேண்டும். அச்சிடுமுன் ஒருவரைப் படுக்கவைத்து அதை வாசித்துப் பாருங்கள். அவர் சரியான பக்கம் திரும்பினால் அந்தத் தமிழ் சரி.