வாக்கரும் நடைவண்டியும்

குழந்தைக்கு ஏழெட்டு மாதம் ஆகிவிட்டால் மாமாவோ சித்தியோ ஒரு வாக்கரோடு வந்து நிற்கிறார்கள். வட்டச் சட்டம், அடியில் சக்கரங்கள், நடுவே துணி இருக்கை, முன்னால் பாட்டுப் பாடும் தட்டு. அதில் உட்கார வைத்ததும் குழந்தை கூடத்தைச் சுற்றி வருகிறது, பெரியவர்களுக்குப் பூரிப்பு. அது நடக்கக் கற்றுக்கொடுக்கிறதா என்பதை முதலில் பார்ப்போம். ஆபத்தைப் பிறகு பேசலாம்.

2002-ல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்த அயர்லாந்து ஆய்வு 190 குழந்தைகளைக் கணக்கில் எடுத்தது. வாக்கரில் கழித்த நேரத்தையெல்லாம் கூட்டிப் பார்த்தபோது, ஒவ்வொரு 24 மணி நேரத்துக்கும் தனியாக நிற்பது 3.7 நாளும், தனியாக நடப்பது 3.3 நாளும் தள்ளிப்போயிருந்தன. 1999-ல் அமெரிக்காவில் சீகல், பர்ட்டன் இருவரும் 109 குழந்தைகளிடம் செய்த ஆய்விலும், வாக்கர் பழகியவர்கள் உட்காரவும் தவழவும் நடக்கவும் பிந்தியிருந்தார்கள். எதிர்ச்சான்றையும் சொல்லியாக வேண்டும். 1982-ல் ரிடனவர் இரட்டைக் குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வில் நடக்கும் வயதில் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் அதில் இருந்தவை 15 ஜோடிகள்தாம். அயர்லாந்து ஆய்வு தொடர்பைக் காட்டுகிறதே தவிர, வாக்கர்தான் காரணம் என்று நிறுவவில்லை. ஆகவே வாக்கர் நடையைத் தாமதப்படுத்தியே தீரும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சீக்கிரம் நடக்க வைக்கும் என்பதற்கு இவை மூன்றிலும் ஆதாரம் இல்லை. விற்பவர்கள் சொல்வதோ அதைத்தான்.

ஏன் என்பது குழந்தையின் காலைக் கவனித்தால் புரியும். உடல் எடையை இருக்கை தாங்குகிறது. குழந்தை நுனிவிரலால் தரையை உந்துகிறது, அவ்வளவுதான். நடைக்கு வேண்டிய இடுப்புத் தசைக்கும் சமநிலைக்கும் அங்கே வேலை இல்லை. தட்டு மறைப்பதால் தன் பாதத்தைக்கூட அது பார்ப்பதில்லை. தானாக நடை பழகும் குழந்தை செய்வதே வேறு. கேரன் அடால்ஃபின் குழு 2012-ல் வெளியிட்ட ஆய்வில், 12 முதல் 19 மாதக் குழந்தைகள் விளையாட்டினூடே மணிக்குச் சராசரியாக 2,368 அடி எடுத்து வைத்து, 17 முறை விழுந்தார்கள். விழுந்து எழும் அந்தப் பயிற்சி முழுவதையும் வாக்கர் பறித்துக்கொள்கிறது.

ஆபத்தைப் பற்றி இருவேறு கருத்துக்கு இடமே இல்லை. 1990 முதல் 2014 வரை அமெரிக்க அவசரச் சிகிச்சைப் பிரிவுகளுக்கு வாக்கர் காயத்தோடு வந்த 15 மாதத்துக்குட்பட்ட குழந்தைகள் சுமார் 2,30,000 பேர். பத்தில் ஒன்பது பேருக்குத் தலையிலோ கழுத்திலோ அடி. நான்கில் மூன்று பங்கினர் மாடிப்படியில் உருண்டவர்கள். கனடா 2004-ல் வாக்கர் விற்பனையையே தடை செய்தது. பழையதை விற்பதற்கும் அங்கே அனுமதி இல்லை.

"அடுப்படியில் வேலை முடியும்வரை எங்கே விடுவது?" என்று கேட்கும் தாயை நான் குறை சொல்லத் தயாரில்லை. கூடமாட உதவ ஆளில்லாத வீட்டில் அது நியாயமான கேள்வி. ஆனால் வாக்கர் குழந்தையை ஓரிடத்தில் நிறுத்துவதில்லை. நொடிக்கு மூன்றடிக்கு மேல் ஓட வைக்கிறது. கொதிக்கும் ரசத்தையும் தொங்கும் அயர்ன்பாக்ஸ் ஒயரையும் எட்டும் உயரத்தையும் கொடுக்கிறது. அடுத்த அறையிலிருந்து ஓடிவந்து பிடிக்க நேரம் போதாது. தடுப்புப் போட்ட ஒரு மூலையில் பாயும், இரண்டு எவர்சில்வர் கிண்ணமும், ஒரு கரண்டியும் போதும். அங்கே குழந்தை புரளும், தவழும், தட்டிப் பார்க்கும், எதையாவது பிடித்து எழும்.

மரத்தாலான நடைவண்டி இதிலிருந்து அடிப்படையிலேயே மாறுபட்டது. அதில் இருக்கை கிடையாது. குழந்தை தன் எடையைத் தானே தாங்கிக்கொண்டு தள்ள வேண்டும். பாதம் கண்ணுக்குத் தெரியும். கை விட்டால் குழந்தை உட்கார்ந்துவிடும். சங்க நூலான பட்டினப்பாலையிலேயே முக்கால் சிறுதேர், அதாவது மூன்று சக்கரச் சிறுவண்டி, வருகிறது என்று பெருமைப்படலாம், ஆனால் பழமை பயனுக்குச் சான்றாகாது. இதிலும் குறை உண்டு. லேசான வண்டி வழவழப்பான டைல்ஸ் தரையில் குழந்தையை முந்திக்கொண்டு ஓடும். வாயில் வைத்துக் கடிக்கும் வயதில் சாயமும் கவலைக்குரியது. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்றாலும், பதிவு பெற்ற கைவினைஞர்களுக்கு விலக்கு இருக்கிறது. அவர்களிடம் வாங்கும்போது என்ன சாயம் என்று கேட்டு வாங்குங்கள், அல்லது சாயம் பூசாததை எடுங்கள்.

என் தீர்ப்பு இதுதான். சுவரைப் பிடித்துத் தானாக எழுந்து நிற்கும் குழந்தைக்கு, கனமான, அகலமான நடைவண்டியை ஆள் பக்கத்தில் இருக்கும்போது சொரசொரப்பான தரையில் கொடுக்கலாம். அது இல்லாவிட்டாலும் குழந்தை நடக்கும். வாக்கரை எந்த வயதிலும், எந்த விலையிலும் வாங்கவே வேண்டாம். பரிசாக வந்துவிட்டால் அடுத்த வீட்டுக் குழந்தைக்குத் தள்ளிவிடாமல், சக்கரங்களைக் கழற்றிப் பழைய பிளாஸ்டிக்கோடு போட்டுவிடுங்கள்.